குசினி அரசாங்கம்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் எங்களை வைத்திருந்த அகதி விடுதியில் சமைக்க ஒரே ஒரு குசினிதான். அதற்கும் ஓர் அரசாங்கம் இருந்தது. தலைவர் என்னைவிட இளையவர். ஊரில் முற்றம் கூட்டும் ஒரு தும்புத்தடிக்குக்கூடத் தலைவராக இருந்திராதவர். இலங்கை ஆமிக்குப் பயந்து ஓடிவந்த அந்த மனிதர், இங்கே வந்து செய்த முதல் வேலை, ஊரில் வேறோர் போராளி இயக்கத்தில் இருந்த ஒருவனுக்குத் துரோகி என்று பெயர் வைத்ததுதான். அவன் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. யாரும் அவனோடு கதைக்கக் கூடாது. அந்தக் குளிரில் அவன் மாதக்கணக்காகப் படிக்கட்டில் இருந்து வெறும் பாண் துண்டுகளைத் தின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொங்கல் விழாவுக்குப் பிரதம விருந்தினராக ஒரு ஜெர்மன் மூதாட்டியை அழைத்தார்கள். இளமையில் நகரசபை உறுப்பினராக இருந்தவர். ஹிட்லர் ஆட்சி அவரைத் துரோகி என்று சிறையில் போட்டது. போர் முடிந்து கிழக்கு ஜெர்மனியில் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியும் அதே சொல்லைச் சொல்லி மறுபடி போட்டது. அவரோடு பேப்பரில் படம் வந்தால் எங்கள் அகதி வழக்குகளுக்கு நல்லதென்று தலைவர் கணக்குப் போட்டார். பொன்னாடை போர்த்தி, "இரண்டு கொடுங்கோலாட்சிக்கும் தலைவணங்காத தாயே!" என்று முழங்கினார். வெட்கங்கெட்ட பேச்சு. அதை மொழிபெயர்க்க வேண்டியவள் நான்.

குத்துவிளக்கை ஏற்றத் தலைவர் நீட்டிய தீக்குச்சியை வாங்கிய மூதாட்டி, திறந்த கதவு வழியே படிக்கட்டில் இருந்தவனைக் கண்டார். அந்த மனிதர் ஏன் உள்ளே வரவில்லை என்று என்னிடம் கேட்டார். கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

"அவன் துரோகி. அதை அவவுக்குச் சொல்லாதேங்கோ, அக்கா," என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

மூதாட்டி தீக்குச்சியைத் தலைவரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தனக்கு வைத்த பொங்கல் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், படிக்கட்டில் அவனருகே அமர்ந்து அவனோடு பகிர்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் குசினியில் தீர்ப்பு வந்தது. "அந்தக் கிழவியும் துரோகிதான்."

மூதாட்டி சிரிப்பார் என்று நினைத்து அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த மனிதர் இன்று சூடாக ஏதாவது சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு குசினிக்குள் போய் உலை வைத்தேன்.

"அக்கா, இது சரிவராது," என்றார் தலைவர்.

"ஓம் தம்பி. என்னையும் துரோகியளோட சேர்த்துக்கொள்ளும்."

சோறு வேகும்வரை அவர் வாசலில் நின்று முறைத்தார். அவ்வளவுதான். அந்த முறைப்புக்குத்தான் ஒரு விடுதியே அத்தனை மாதம் பயந்து கிடந்தது.