அம்மா தலையில் இருந்த படை

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது என் உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி உதிர்ந்து, அந்த இடம் செதில் செதிலாக உரிந்தது. அப்பா தொழுவத்துக் கன்றைச் சந்தேகப்பட்டார். கன்றுக்குக் குறையொன்றும் இல்லை என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மாவின் சந்தேகம் என் சிநேகிதி மேல் போனது. காங்கேயத்தில் எங்கள் களத்தில் தேங்காய்ப் பருப்பு உலர்த்த வந்திருந்த குடும்பத்துப் பெண் அவள். அவள் தலையிலும் சின்னதாக ஒரு படை இருந்தது. மொட்டையடிக்கச் சொல்லி அம்மா ஆள் அனுப்பினாள். மறுநாளே அவள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். என்னை வேறு பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

ஆனாலும் என் படை அடங்கவில்லை. கடைசியில் கோயமுத்தூரில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என் முடி நாலைந்தைப் பிடுங்கிச் சோதனைக்கு அனுப்பினார். களிம்பு மட்டும் போதாது, வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும் என்றார். முன்பெல்லாம் மாடு, பூனையிடமிருந்து தொற்றி வந்தவர்கள்தான் அதிகம், இப்போது சீப்பு, துண்டு வழியாகத் தலைக்குத் தலை பரவுவதையே பார்க்கிறேன் என்று சொல்லி, வீட்டில் எல்லார் தலையையும் சோதிக்கச் சொன்னார். அடுத்த முறை போனபோது முடிவு வந்திருந்தது: அரிப்போ உதிர்வோ இல்லாத அம்மா தலையில்தான் கிருமி இருந்தது. தினமும் அம்மா தன் சீப்பில்தான் எனக்குத் தலை வாருவாள். விளையாட வந்தால் என் சிநேகிதிக்கும் அதே சீப்புதான்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அம்மா வீட்டுக்குள் நுழையாமல் என்னையும் இழுத்துக்கொண்டு நேராகக் களத்துக் கொட்டகைக்குப் போனாள். பருப்பு அள்ளிக்கொண்டிருந்த சிநேகிதியின் அம்மா பதறி எழுந்தார். என் அம்மா அவரிடம் சொன்னாள்:

"ஏனுங்க, என்ற தலையில இருந்துதானுங்க புள்ளைகளுக்கு வந்திருக்குது. தெரியாம உங்க புள்ளையச் சொல்லிப்போட்டனுங்க. நாளைக்கு அவளக் கூட்டிட்டு வாங்க, டாக்டருகிட்டப் போலாம்."

அவர் கையிலிருந்த பருப்பைக் கீழே போட்டார். பிறகு, "முடி வளந்துருமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வளர்ந்தது, இரண்டு பேருக்கும்.

களத்தில் வேலை செய்கிறவர்களை அம்மா அதுவரை 'வா, போ' என்றுதான் கூப்பிடுவாள். அன்று முதல் சிநேகிதியின் அம்மாவை மட்டும் 'வாங்க, போங்க' என்றாள். டாக்டரம்மா அம்மாவுக்கும் கொடுத்த மாத்திரைதான் அவளை அப்படிப் பேச வைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நானும் அதைத்தானே விழுங்குகிறேன், எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.