வாசல் நிலையும் அக்காவின் தோளும்

என் அக்கா இராசாத்தியின் வலது தோளைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. தோளின் சொந்தக்காரியை மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவுக்குக் கல்லடிக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை. துவைப்பது மெசின். ஈரமான படுக்கைவிரிப்புகளைக் கொடியில் எறிந்து விரிப்பது அக்கா. விரிப்பு மணலில் படக்கூடாது என்று கொடியை அவளுடைய தலைக்கு மேலே கட்டியிருக்கிறார்கள். வருடக்கணக்காகக் கையைத் தூக்கித் தூக்கி, ஒருநாள் அது தோளுக்கு மேலே போகமாட்டேன் என்றது. தலை சீவ முடியவில்லை. அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இர்ஷானா என்ற இயன்மருத்துவப் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தினாள். தோள் எலும்புக்குக் கீழே தசைநார் நசுங்குகிறது. மார்புத் தசை இறுகித் தோளை முன்னுக்கு இழுப்பதால் அங்கே இடம் இன்னும் குறைகிறது. கதவு நிலையின் இரு பக்கமும் முன்னங்கைகளை ஊன்றி, முழங்கை தோளைவிடச் சற்றுக் கீழே இருக்க, ஒரு காலை முன்னே வைத்து மெதுவாகச் சாய வேண்டும். முப்பது எண்ணும்வரை அப்படியே நிற்க வேண்டும். குத்தினால் விட்டுவிட வேண்டும். காலையும் மாலையும் செய்தால் கை திரும்பும், செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும் என்று சொல்லி அனுப்பினாள்.

தேற்றாத்தீவில் அம்மா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் உறுதியான நிலை முன்வாசலில் மட்டும்தான். அறைகளுக்குத் திரைச்சீலை. பின்கதவு தகரம், சாய்ந்தால் ஆளோடு விழும். சுவர் மூலையிலும் செய்யலாம் என்றார்கள். மூலைகளில் அத்தான் வினாயகமூர்த்தியின் நெல் மூட்டைகள். அக்கா வேலை முடிந்து வீடு வருவதோ விளக்கு வைக்கும் நேரம். அந்த நேரத்தில் ஒரு பெண் வாசலை மறித்து, நிலையில் கை வைத்து நின்றால் வீட்டுக்கு வரும் லட்சுமி திரும்பிப் போய்விடுவாளாம்.

அத்தான் முதலில் முணுமுணுத்தார். அவருடைய தமக்கை ஆச்சிப்பிள்ளை, எங்களுக்கு மச்சாள், அதை வீடு வீடாகச் சொல்லி வைத்தாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில வாரத்தில் தானே தலை சீவினாள். அன்றைக்கு அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

பிறகு மழை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வட்டை, அந்த வயல்வெளி முழுவதும், வெள்ளத்தில் அமிழ்ந்தது. அத்தானின் வயலும் போனது. மச்சாள் வந்து கதிரையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள். பொழுதுபட்டால் வாசலை மறிக்கிறவள் இருக்கிற வீடு வேறெப்படி இருக்கும் என்றாள். அத்தான் தலையாட்டினார். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"வட்டை முழுக்க அழிஞ்சி கிடக்கு மச்சாள். அத்தனை வீட்டுப் பொம்புளையளும் நிலையைப் புடிச்சா நிண்டவள்கள்?"

 எனக்கு வாய் நீளம் என்றாள் மச்சாள். இனி யாரும் வாசலில் நிற்கக் கூடாது என்றார் அத்தான். கலியாணம் கட்டி வந்து குடியிருக்கும் வீட்டில் அவர் சட்டம் போடுகிறார்! அக்கா குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். அவள் எதிர்த்துப் பேசாதது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒரே வளவில் அடுத்த வீடு என்னுடையது. அங்கே வந்து செய் என்று கூப்பிட்டேன். அக்கா ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"என்ட வாசல்ல நிக்க ஏலாதவள் உன்ட வாசல்ல வந்து நிக்கவாடி?"

கை மறுபடி இறங்கியது. விடுதியில் ஒரு விரிப்பு அவள் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. இந்த மாதம் பார்ப்பேன், கை சரிவராவிட்டால் வேறு ஆள் எடுப்பேன் என்று முகாமையாளர் சொல்லிவிட்டார். வயல் போன வீட்டில் அடுப்பு எரிந்தது அக்காவின் சம்பளத்தில். அந்த வீட்டுக்கு அப்போது வந்துகொண்டிருந்த ஒரே லட்சுமி அந்தக் கைதான். அதைக் கட்டிப்போட்டுவிட்டு லட்சுமியைப் பற்றிப் பேச இவர்களுக்கு வெட்கமில்லை. மச்சாளும் அன்றாடம் அங்கேதான் சாப்பிட்டாள்.

முகாமையாளர் அப்படிச் சொன்ன அன்று மாலை அக்கா வேலையால் வந்து கால் கழுவினாள். நேரே முன்வாசலுக்குப் போய், வெளியே பார்த்தபடி முன்னங்கைகளை நிலையில் ஊன்றிச் சாய்ந்தாள். முகம் நோவில் சுருங்கியது. கையைச் சற்று இறக்கி வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். நான் என் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போயிருந்த அத்தானும் மச்சாளும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். மச்சாள் படியடிக்கு வந்து, விலகு என்றாள். அக்கா அசையவில்லை. உனக்குச் சொன்னது விளங்கவில்லையா என்று அத்தான் சத்தம் போட்டார். அக்காவின் குரல் உயரவேயில்லை.

"இது என்ட வீடு. லட்சுமி வந்தா விலத்துறன். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க."

அத்தான் மச்சாளுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.  முப்பது முடிந்ததும் அக்கா கையை எடுத்து மூச்சு வாங்கினாள். மச்சாள் படியில் கால் வைத்தாள். அக்கா திரும்பவும் கையை ஊன்றி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.