குப்பை வண்டி சாயங்காலம் வந்தால்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணலாக வரும், நடுவில் மறந்தும் போகும். ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல வேறு ஊரில் வந்து உட்கார்ந்திருப்பவர்களும் பொறுத்துக்கொண்டு படியுங்கள். விஷயம் பெரிதில்லை, குப்பைதான்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். கரக்பூர் குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவிலேயே முப்பது வருஷம் ஓடியதால், வங்காளிகள் வழக்கம் ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு மகனோடு கல்கத்தாவுக்கு வந்தேன். லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடி. வந்த மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெருவில் விசில் சத்தம். போலீஸ் யாரையோ துரத்துகிறது என்று பயந்து ஜன்னலைச் சாத்தினேன். இடுக்கு வழியாகப் பார்த்தால், நைட்டி போட்ட பெண்கள் கையில் வாளியோடு ஓடுகிறார்கள். குப்பை வண்டி வந்திருக்கிறது! விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் குப்பை கொல்லைக் குழியில் அது பாட்டுக்குக் கிடக்கும். அதற்காக யாரும் ஓடியதில்லை. இங்கே தவறவிட்டால் மறுநாள் வரை அதோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

போன சித்திரையில் இரண்டு நாள் விசிலே ஊதவில்லை. வண்டிக்காரருக்குக் காய்ச்சலாம். வெயில் காலத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். காப்பிச் சக்கையையும் காய்கறித் தோலையும் தண்ணீர் போகப் பிழிந்து, பழைய பேப்பரில் சுற்றி வாளியில் போடுங்கள். மூடியின் மேல் ஒரு கல் வையுங்கள், காக்காயும் பூனையும் வராது. தெருமுனையில் மட்டும் ரகசியமாகப் போட்டுவிடாதீர்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் இந்தத் தெருவில் புளிச்சக்கையும் கறிவேப்பிலைக் காம்பும் இருக்கிற குப்பை ஒன்றே ஒன்றுதான். விலாசம் எழுதி ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

அதே மாடியில் எதிர் வீட்டில் சந்த்யாதி. என் வயதுதான். நான் அவளைத் தீதி என்பேன், அவள் என்னைத் தீதி என்பாள். யார் அக்கா என்பது இன்னும் தீரவில்லை. தினம் நாலு மணிக்குக் கதவைத் திறந்து, "தீதி, சா?" என்று டீ குடிக்கக் கூப்பிடுவாள். மகனும் மருமகளும் நியூ டவுனில் ஆபீஸ் போய்விட்டு இருட்டித்தான் திரும்புவார்கள். அதுவரை நான் வாய் திறந்து பேசுவது அந்த ஒரு கப் டீயின்போதுதான்.

வண்டி நின்ற மூன்றாம் நாள் வியாழக்கிழமை, இருட்டும் நேரத்தில் விசில். வேறு ஆள், தன் தெருக்களை முடித்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். ஓடிப்போய் என் வாளியைக் கொட்டிவிட்டு வந்தேன். சந்த்யாதியின் வாளி அவள் வாசலிலேயே நின்றது. உள்ளே சங்கு ஊதும் சத்தம். பூஜையில் விசில் காதில் விழுந்திருக்காது என்று நினைத்தேன். கதவைத் தட்டிக் கேட்கக் கூச்சம். கேட்காமலே செய்துவிட்டால் கூச்சப்பட வேண்டாமே! நாங்களும் மீன் சாப்பிடுகிறவர்கள்தான், ஆனாலும் அது மூன்று நாள் மீன் செதில். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கிப்போய்க் கொட்டினேன். காலி வாளியை வைக்கும்போது கதவு திறந்தது. பாராட்டப் போகிறாள் என்று சிரித்துக்கொண்டே நின்றேன்.

"கீ கொர்லே தீதி! ஆஜ் லொக்கிபார்!" என்றாள். என்ன செய்துவிட்டாய், இன்றைக்கு லட்சுமி நாள் ஆயிற்றே என்று அர்த்தம். கண்ணில் நீர் முட்டிவிட்டது அவளுக்கு. கதவு சாத்திக்கொண்டது.

எனக்குக் கல்யாணமான புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு குப்பை முறத்தோடு கொல்லைக்குப் போனேன். "எங்கடி தூக்கிட்டுப் போற மகாலட்சுமிய?" என்று மாமியார் போட்ட சத்தத்தில் முறம் கீழே விழுந்தது. அதே லட்சுமி வங்காளத்தில் வியாழக்கிழமை வருவாள் என்று யார் கண்டார்கள்?

மகன் வந்ததும் சொன்னேன். "அடுத்த வீட்டு வாளியெல்லாம் உன்ன யாரும்மா தூக்கச் சொன்னது?" என்றான்.

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல், "அத்தை, அவங்க வீட்டு மகாலட்சுமிய நீங்க கார்ப்பரேஷன் வண்டியில ஏத்தி அனுப்பிட்டீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நாலு மணி ஆயிற்று, நாலரையும் ஆயிற்று. எதிர்க் கதவு திறக்கவில்லை. ஆறு மணிக்கு விளக்கேற்றினேன். சற்று நேரத்தில் கீழே அதே ஆளின் விசில். வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைத்தாகிவிட்டது. நான் இறங்கக் கூடாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவள் லட்சுமியைத் தனியாக அனுப்பியது நான்தானே, என்னுடையவளும் துணைக்குப் போகட்டும் என்று வாளியைத் தூக்கிவிட்டேன்.

எதிரே சந்த்யாதி தன் வாளியோடு வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்த வங்காளத்தையெல்லாம் கூட்டி, எங்கள் லட்சுமிக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்லி முடித்தேன்.

"அப்புறம் ஏன் கொட்டப் போறே?" என்று அவள் பாஷையில் கேட்டாள்.

"தோமார் கேலோ. ஆமாரோ ஜாக்" என்றேன். உன்னுடையது போயிற்று, என்னுடையதும் போகட்டும்.

தன் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, "பாகொல்!" என்று என்னைப் பைத்தியமாக்கிவிட்டு, வாளியை வெடுக்கென்று பிடுங்கித் தன் வாசற்படிக்கு உள்ளே வைத்தாள். "இப்போ இது என் வீட்டுக் குப்பை. எனக்கு வெள்ளிக்கிழமை ஒண்ணும் கிடையாது" என்று சொல்லி, இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே அந்த ஆள் பொறுமையில்லாமல் விசிலை ஊதித் தீர்த்தார். மேலே வந்தவள் கையைக் கழுவிவிட்டு டீ போட்டாள். நாலு மணிக்கு விட்டுப்போன பேச்சையும் சேர்த்துப் பேசினோம்.

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. காலையில் வண்டி வரவில்லையென்றால், வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவள் வாளி என் வாசலுக்கு வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை என் வாளி அவள் வாசலுக்குப் போய்விட வேண்டும். இருட்டிய பிறகு போவது அடுத்த வீட்டுக் குப்பை, அதில் நம் லட்சுமி இருக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை எனக்கு மறந்தாலும் சந்த்யாதிக்கு மறப்பதில்லை. "தீதி, உன் லட்சுமி வர நேரமாச்சு, வாளியைக் குடு" என்று கதவைத் தட்டுகிறாள்.

ஆனால் எத்தனை மணியிலிருந்து கொட்டக் கூடாது என்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மார்கழியில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அந்நேரம் விழுப்புரத்தில் தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். என் லட்சுமி எந்த ஊர்ப் பொழுதைப் பார்த்துப் புறப்படுகிறாள்? கேட்பதற்கு மாமியாரும் இல்லை. ஊரில் விஷயம் தெரிந்த பெரியவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். சந்த்யாதி காத்திருக்கிறாள்.