கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டை

இரண்டு வருடத்துக்கு முன்னால், கத்திரி வெயில் நேரத்தில், அனுமந்தன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய வாய்க்கால் கரையில் நடந்தது இது. சர்க்கரை இருக்கிறது, விடியற்காலையில் நட என்றார் டாக்டர். நடப்பதெல்லாம் கிழவன் வேலை என்று ஓட ஆரம்பித்தேன். விடியற்காலையிலாவது ஓடினேனா? எனக்கு எழுந்திரிக்கவே எட்டாகும். பத்து மணிக்கு, கையில்லாத பனியனும் அரை டவுசருமாகக் கிளம்புவேன்.

தோட்டத்துப் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைகளின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். பார்க்கவே எனக்கு எரியும். இந்த வெக்கையில் எதற்கு இத்தனை துணி? அவர்களைக் கேட்கவில்லை. விவரமில்லாதவர்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர்களில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், தினமும் கேட்பாள்: "ஏண்ணே, யாராச்சும் வெரட்டுறாகளா?" மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் முறைத்துவிட்டு ஓடுவேன்.

நாலாம் நாள் ஒரு விநோதம். ஊற்றிக்கொண்டிருந்த வேர்வை நின்றுவிட்டது. கையெல்லாம் புல்லரித்தது, லேசாகக் குளிர்கூட அடித்தது. உடம்பு வெயிலுக்குப் பழகிவிட்டது என்று இன்னும் வேகமாக ஓடினேன். தண்ணீர் வற்றின கிணற்றில் மோட்டாரை ஓட விட்டால் உள்ளே சுற்றியிருக்கிற கம்பிக் காயில் கருகிவிடும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கத்துகிற மெக்கானிக் நான். என் விஷயத்தில் அது உறைக்கவில்லை.

கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் ஓடிவந்தாள். போய் வேலையைப் பார் என்று அவளைத் திட்டினேனாம், அதுவும் நாக்குக் குழறி. அவள் என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அடுப்பாட்டம் சுடுது. ஒரு பொட்டு வேர்வையக் காணோம். தூக்குங்கடி."

திராட்சைப் பந்தல் நிழலுக்குள் இழுத்துப் போட்டார்கள். அவள் தன் சட்டையைக் கழற்றி, தொட்டித் தண்ணீரில் முக்கி என் மேல் போட்டாள். அது சூடேறியதும் மறுபடி முக்கினாள். இன்னொருத்தி சாக்கை வைத்து விசிறினாள். ஆட்டோ வருகிற வரை நிறுத்தவில்லை. அங்கேயே உடம்பைக் குளிர வைத்ததால்தான் பிழைத்தாய் என்று ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து அவள் சட்டையைத் துவைத்து எடுத்துப்போனேன். எதற்கு இத்தனை துணி என்று அப்போதுதான் அவளிடம் கேட்டேன்.

"வெயிலு சட்டை மேல விழுகட்டும், தோலு மேல எதுக்குண்ணே? வேர்த்தாச் சட்டை நனையும். நனைஞ்ச துணியில காத்துப் பட்டாக் குளுகுளுன்னு இருக்கும். அப்படியும் பத்து மணிக்கு மேல நாங்களே பந்தலுக்குள்ள போயிருவோம். நீங்க அப்பத்தான் ஓட வாறீக."

இப்போது விடியும்போதே போய்விடுகிறேன். ஓட்டம் இல்லை, நடைதான். தொளதொளவென்று பழைய பருத்திச் சட்டை, கையில் தண்ணீர் பாட்டில். மணிக்கட்டில் பொத்தானைப் போடும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது: நாலு நாளாக மனசுக்குள் இளக்காரமாகக் கேட்ட கேள்வியை வாய் திறந்து அவளிடம் கேட்பதற்கு, நான் சாகக் கிடக்க வேண்டியிருந்தது.