நாலு பக்கமும் சமம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இந்த வயதிலும் தடுமாறுவேன். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து, நாங்கள் குடியிருக்கும் தீவிலேயே ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்தது. புல் வெட்டுவது, கால்வாய் கழுவுவது, உடைந்த நாற்காலிக்கு ஆணி அடிப்பது, எல்லாம் நான்தான். என் ஒரே மகள் அதே பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தாள்.

வேலை கிடைத்த செய்தியை டத்தோ கிராமாட்டில் எங்கள் பிளாட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அங்கயாப்பா? வேற ஸ்கூலே இல்லையா?"

அப்பா தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் சூப்பர்வைசராக இருந்ததே இல்லை. அன்றைக்கு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. பள்ளிக்குள் அவளுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவளைத் தெரியாது. பள்ளி முடிந்ததும் அவள் தனியாக நடந்து மோட்டார் பட்டறைக்குப் பின்னால் நிற்பாள். நான் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றிக்கொண்டு வீட்டில் விட்டுவிட்டுத் திரும்புவேன்.

"சின்னப் புள்ளதானே, விடுங்க லா," என்றாள் என் மனைவி. விட்டேன். கூச்சக்காரனுக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஓய்வு நேரம் வந்தால் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் எனக்கு ஏதாவது ஒரு வேலை முளைத்துவிடும். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பேன். அந்த இடத்தில், அத்தனை பேர் நடுவில், ஒரே ஒரு தடவை அவள் என்னை அப்பா என்று கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தலைமையாசிரியை ஒரு நாள் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். காலையில் சபைகூடும் இடத்துக்குப் பக்கத்தில், புதிதாகத் தார் போட்ட தரையில், பிள்ளைகள் குதித்து விளையாடிக் கற்றுக்கொள்ள வடிவங்கள் வரைய வேண்டும். தாள் முழுவதும் மலாய். பிள்ளைப் பருவத்தில் சதுரம், செவ்வகம் என்று தமிழில் படித்ததெல்லாம் எப்போதோ மறந்துவிட்டது. வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்கு எல்லாம் மலாய்தான். சதுரத்துக்கு அதில் 'செகி எம்பாட் சாமா' என்று போட்டிருந்தது. செகி எம்பாட் என்றால் நாலு பக்கம். சாமா என்றால் சமம். ஆகவே நாலு பக்கமும் சமம். இதற்கு மேல் என்ன கேட்க இருக்கிறது?

வட்டத்துக்கு நடுவில் ஆணி அடித்துக் கயிறு கட்டிச் சுற்றினேன். அழகாக வந்தது. செவ்வகத்தைக் கால்வாய் ஓரத்தை ஒட்டிப் போட்டதால் அதுவும் தப்பவில்லை. சதுரத்துக்குத்தான் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கோடும் இல்லை. ஒரு மீட்டர் கட்டையை வைத்து நாலு பக்கத்தையும் அளந்து அளந்து மஞ்சள் சாயம் அடித்தேன். ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இல்லை. கொஞ்சம் சாய்ந்த மாதிரி தெரிந்தது. நான் நிற்கும் பக்கத்திலிருந்து பார்ப்பதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஓய்வு நேரத்துக்கு முன்னால் கணக்கு ஆசிரியர் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்து வந்தார். தற்காலிக ஆசிரியர், இருபத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நான் யாருடைய அப்பா என்று அவருக்குத் தெரியாது.

"அண்ணே, நீங்கதானே வரைஞ்சீங்க? இங்க வாங்க. அந்த மூலையில நில்லுங்க."

போனேன். பிள்ளைகளுக்கு நடுவில் என் மகள் இமையை இரண்டு மூன்று முறை கொட்டினாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"அசையாதீங்க. நீங்கதான் இன்னிக்கு நம்ம 'ஏ' மூலை. சரி, மாணவர்களே, இது சதுரமா?"

"உதைபட்ட சதுரம் சார்!" என்றான் ஒரு பையன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார்.

"உதைபட்ட சதுரத்துக்கு ஒரு பேரு இருக்கு. சாய்சதுரம். அங்கிள் பக்கத்தை மட்டும் அளந்தாரு. மூலைய மறந்துட்டாரு. அண்ணே, எத்தனையாவது வரைக்கும் படிச்சீங்க?"

"ஆறு," என்றேன்.

"ஆறு படிச்சவரு செஞ்ச தப்ப நாலு படிக்கிற நீங்க கண்டுபிடிக்கப் போறீங்க!"

அளக்கும் நாடாவால் மூலைக்கு மூலை குறுக்காக அளக்கச் சொன்னார். ஒரு குறுக்கு நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர், இன்னொரு குறுக்கு நூற்று முப்பத்து நாலு. சதுரமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். அப்புறம் ஒரு தாளை இரண்டு தடவை மடித்து, அந்த முனைதான் செங்கோணம் என்று காட்டி, அதை மூலையில் வைத்துப் பார்க்க ஒருவரைக் கூப்பிட்டார். கணக்கில் கெட்டிக்காரி என்று என் மகளைத்தான் கூப்பிட்டார்.

அவள் வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் குந்தினாள். தாளை வைத்தாள். தாளுக்கும் கோட்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது.

"என்ன தப்புன்னு அங்கிள்கிட்ட சொல்லு."

அவள் எழுந்து என் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள். "அங்கிள், நாலு பக்கம் சமமா இருந்தா மட்டும் பத்தாது. நாலு மூலையும் செங்கோணமா இருக்கணும்."

"சரிங்க," என்றேன். பத்து வயதுப் பிள்ளைக்கு 'ங்க' போட்டதற்கு இன்னொரு சிரிப்பு. அவர்கள் கலைந்து போகும்போதே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. "பை பை, சாய்சதுரம் அங்கிள்!"

பள்ளி முடிய இரண்டரை மணி நேரம் இருந்தது. அதனால் ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. புல் வெட்டிக்கொண்டே நன்றாக யோசித்தேன். மணி அடித்ததும் மோட்டாரைப் பட்டறைக்கு விடவில்லை. நேராக வாசலுக்கு விட்டேன். அவள் தோழிகளோடு வந்துகொண்டிருந்தாள். ஹார்ன் அடித்தேன்.

"பாப்பா! அப்பா வந்துட்டேன். ஏறு!"

அவள் நின்றுவிட்டாள். பக்கத்தில் இருந்த பிள்ளை அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஏய், சாய்சதுரம் உங்கப்பாவா? சூப்பர்வைசர்னு சொன்னே?"

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "சூப்பர்வைசரா? நான் இங்க கக்கூஸ் கழுவுறேன் மா," என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். "கணக்கெல்லாம் இவதான் எனக்குச் சொல்லிக் குடுப்பா. காலையில பாத்தீங்கள்ல?" நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்கு அன்று குரல் கணீரென்று வந்தது. நன்றாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். எப்போதும் என் இடுப்பைக் கட்டிக்கொள்பவள், அன்று பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். பிளாட்டில் லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடிப் படியில் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"சார் கூப்பிட்டப்பவே போயிருங்கன்னு கண்ணு காட்டினேன். சதுரம் தப்புன்னு எனக்குத் தெரியும். நீங்க கீழ பாத்துக்கிட்டு நின்னீங்க."

அவள் மேலே போய்விட்டாள்.

அந்த வாரமே சதுரத்தை அழித்து, மூலைக்கு மூலை அளந்து, மறுபடி போட்டேன். இப்போது இரண்டு குறுக்கும் நூற்று நாற்பத்தொன்று. அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. பெயர் மட்டும் அழியவில்லை. என்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. குட்டி சாய்சதுரம் என்கிறார்கள். வாசலில் நின்று நானே கொடுத்த பெயர் அது. அவள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டுப் பள்ளி வேனுக்கு மாறிக்கொண்டாள்.

பள்ளியில் இப்போது என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆசிரியர் எதையாவது வாங்கிவர அனுப்பினால், "அப்பா, சார் ஸ்டோர் சாவி கேட்டாரு," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, சாவி கைக்கு வரும்வரை நின்று வாங்கிப் போகிறாள். வீட்டில் கூப்பிடுவதே இல்லை. "சாப்பாடு எடுத்து வச்சாச்சாம்," என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறாள். இன்று மத்தியானமும் அப்படித்தான் சொன்னாள். நான் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை.