சமையலறைச் சுவரில் ஒரு தீவுவாசி

குழந்தை பிறந்தபின் என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. கல்லூரியில் எனக்கு விலங்கியல் சொல்லித்தந்த டீச்சர், லட்சத்தீவிலிருந்து வந்த தாவும் சிலந்திகளை ஸ்பிரிட் பாட்டிலில் வீட்டுக்கே கொடுத்தனுப்புவார். பழைய மைக்ராஸ்கோப் ஒன்றும் தந்திருந்தார். வரைந்து, வர்ணித்து எழுதுவது என் வேலை. ஆண் சிலந்தியின் முகத்தருகே இரண்டு குட்டிக் கைகள் இருக்கும். அவற்றின் நுனி வளைந்திருக்கும் விதத்தை வைத்துத்தான் இனம் பிரிப்போம்.

தொலைவான ஒரு சிறு தீவிலிருந்து வந்த, முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஒன்று எந்தப் புத்தகத்தோடும் ஒத்துப்போகவில்லை. என் முதல் புதிய இனம்! 'இத்தீவில் மட்டுமே வாழ்வது' என்று பெருமையாக எழுதி வைத்தேன்.

மறுநாள் காலை குழந்தை அரிசி டின் பக்கத்தில் நின்று சுவரைக் காட்டிச் சிரித்தது. வாயில் போட்டுக்கொள்ளப் போகிறதோ என்று ஓடினேன். சுவரில் ஒரு சிலந்தி, முதுகில் அதே வெள்ளைக் கோடு. முன்னிரண்டு பெரிய கண்களால் என்னையே பார்த்தது. பால்புட்டி மூடியால் பிடித்தேன். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் குட்டிக் கைகளின் நுனியில் அதே வளைவுதான்.

எங்கள் மட்டாஞ்சேரித் தெருக் கிடங்குகளிலிருந்துதான் தீவுகளுக்கு அரிசி மூட்டைகள் படகேறும். கூடவே இதுவும் போயிருக்கிறது. இங்கேயே வாழ்வதை இதற்குள் யாராவது எழுதாமலா விட்டிருப்பார்கள்? நான்தான் கவனிக்கவில்லையோ? பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு குழந்தையை இடுப்பிலும் பாட்டிலைப் பையிலுமாக பஸ் ஏறினேன்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்காகப் பழைய வர்ணனைகளை எல்லாம் மறுபடி புரட்டினோம். குழந்தை பெஞ்சில் தூங்கிப்போனது. எதுவும் பொருந்தவில்லை.

"பின்னே என்ன மோளே? உன் சுவர்ல இருந்தாலும் யாரும் எழுதாதது எழுதாததுதான். இனம் புதுசு. ஊரை மட்டும் மாத்து."

திருத்தி எழுதியதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன்: "மட்டாஞ்சேரி, சமையலறைச் சுவர்."

"ஏண்டி, நம்மாத்து அடுக்களைல எட்டுக்காலி இருக்குன்னு லோகம் பூரா அச்சடிக்கப் போறயா?"

"இது வலை பின்னாதும்மா. தாவறது."

"தாவினா என்ன, ஓடினா என்ன! சுவர்னு மட்டும் போடு."

அப்படியே போட்டேன். அன்று மத்தியானமே அவர் வீடு முழுக்க ஒட்டடை அடித்தார். அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டார்.