கீழ்வீட்டுப் பின்பால் மெஷின்

போர்ட் கொச்சியில் மூடிய ஹோட்டல் ஒன்றின் பின்பால் விளையாட்டு மெஷினை வாங்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கீழ்வீட்டு ஷாஜி சேட்டன் வாங்கி ஹாலில் வைத்துவிட்டார்.

இன்று காலை கூப்பிட்டார். பந்தைத் தட்டும் இடது ஃபிளிப்பர் அசையவில்லையாம். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் மீட்டரோடு இறங்கினேன்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபிளிப்பரை இழுக்கும் கம்பிச்சுருள், அந்தக் காயிலும் நன்றாக இருந்தது. காயிலுக்குப் போகும் ஒயர்தான் உப்புக்காற்றில் பச்சை பூத்து விட்டுப்போயிருந்தது.

"காயில் போயோடா?" என்றார் கவலையாக.

"போச்சு சேட்டா, இனி தேறாது. எனக்குக் குடுத்துடுங்க" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, ஒயரைச் சால்டரிங் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

முதல் பந்தை அடிக்கக் கை நீட்டினேன்.

"நீ சாயா குடிக்கடா, ஞான் ஒண்ணு களிச்சு நோக்கட்டே" என்று என்னை நகர்த்திவிட்டார்.

இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தட்டும் மேலே என் வீடுவரை கேட்கிறது.

எங்கள் மட்டாஞ்சேரி உப்புக்காற்று ஒரு சால்டரிங்கை அரிக்க எத்தனை நாளாகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.